முனிராஜின் ஓட்டு

உயிர் போன சூட்டோடு தாடையைக் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் வாய் திறந்தபடியே விறைத்துவிடும். பெற்ற பிள்ளைகள் ஆயுளுக்கும் அந்த வாயைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆயா சின்னத்தாயி காஸ் துணியை நீளமாகக் கிழித்து, பியாட்ரிஸ் அம்மாவின் மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சிட்டாள். பல்செட்டை முன்னமே கழுவி மாட்டியாகிவிட்டது. இமைகளின் மேல் ஈரப் பஞ்சு, மூக்கில் காய்ந்த பஞ்சு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பிறகு அந்த வீட்டு மருமகளை ஒரு கை பிடிக்கச் சொல்லி, அம்மாவை ஒருக்களித்துத் திருப்பி முதுகைத் துடைத்தாள். இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த உடம்பு. முதுகில் ஒரு புண் இல்லை. அதை மருமகள் பார்க்கட்டும் என்றுதான் பிடிக்கச் சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க சின்னத்தாயி" என்றாள் மருமகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாதிரியார் வந்துடுவாரு. இன்னிக்கு எலக்‌ஷன் வேற. ஓட்டுப் போட வேணாமா?"

பெங்களூரில் அது 1998 பிப்ரவரி. மற்ற தேர்தல் நாட்களில் சின்னத்தாயி வேலை முடிந்து, பூத் மூடுகிற நேரத்துக்குக் கடைசி ஆளாகத்தான் ஓடுவாள், பட்டியலை ஏறிட்டுப் பார்க்க நேரமிருக்காது. அன்று அம்மா காலையிலேயே போய்விட்டதால் உச்சி வெயிலுக்கு முன்பே ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காக்ஸ் டவுனுக்கு நடந்துவிட்டாள். கையில் டெட்டால் வாசனை போகவில்லை.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில்தான் பூத். பெண்கள் வரிசை சின்னதாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த டீச்சரம்மா, சின்னத்தாயி நீட்டிய சீட்டைப் பார்த்து, பட்டியலின் மேல் ஸ்கேலை நகர்த்தினாள். சின்னத்தாயி, கணவர் பெயர் முனிராஜ். அதற்கு நேர் மேலே முனிராஜின் பெயர். அதன் கீழ், ஓட்டு விழுந்ததற்கு அடையாளமாகச் சிவப்பு மையில் ஒரு கோடு, இன்னும் உலராமல்.

"நிம்ம எஜமான்ரு ஈக தானே ஹோத்ரு" என்றாள் டீச்சரம்மா, பேச்சுக்கு. உங்கள் வீட்டுக்காரர் இப்போதுதான் போனார்.

பக்கத்து மேஜைக்காரன் சின்னத்தாயியின் விரலில் மை வைத்துக்கொண்டிருந்தான். அவள் விரலை உருவிக்கொண்டு ஓடினாள். வாக்குச்சீட்டு வாங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "ஏனம்மா, பேலட் பேடவா?" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. வாக்குச்சீட்டு வேண்டாமா? வாசலில் போலீஸ்காரர், கட்சிக்காரர்கள், சைக்கிள்கள். மாதா கோயில் திருப்பத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு முதுகு, சைக்கிளில், வளைந்து மறைந்தது. அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் ஒரு பால் வண்டியும் வெயிலும்தான் இருந்தன.

முனிராஜ் காணாமல் போய் ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

*

முனிராஜ் குடிநீர் வாரியத்தில் வால்வ்மேன். தெருவுக்குத் தெரு தரையில் இருக்கிற இரும்பு மூடியைத் திறந்து, நீளச் சாவியை உள்ளே விட்டுத் திருகித் தண்ணீரை விடுகிற வேலை. வீடு காக்ஸ் டவுனுக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று. வேலை ஊரின் மறுகோடியில், மைசூர் ரோடு பக்கம். தினமும் சைக்கிளில் போய்வருவான். கூடவே அதே லைனில் இருக்கும் அப்பாதுரை. அவரும் வால்வ்மேன், நாலைந்து வயது மூத்தவர்.

1991-ல் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். காவிரியில் யாருக்கு எவ்வளவு என்று தீர்க்க டெல்லி ஒரு நடுவர் மன்றம் வைத்திருந்தது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு விட வேண்டும் என்று அந்த மன்றம் ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது. அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தச் சட்டம் செல்லுமா என்று டெல்லி, உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் உட்கார முடியாது, செல்லாது என்றது நீதிமன்றம். டிசம்பரில் டெல்லி, மன்றத்தின் உத்தரவை அரசிதழில் அச்சடித்தது. மன்றம், மாநிலம், நீதிமன்றம், மத்திய அரசு என்று அவரவர் தங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்தார்கள். அச்சு மை காய்வதற்குள் பெங்களூரில் லாரிகள் எரிந்தன. தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டி, தமிழ்ப் பலகை வைத்த கடை, பிறகு தமிழ் பேசுகிற வீடு.

பந்த் அன்று காலையில் முனிராஜ் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் போகலன்னா என்னவாம்?" என்று கேட்டாள் சின்னத்தாயி.

"பந்த்னா ஜனங்களுக்குத் தண்ணி வேணாமா? வால்வு தானா தொறந்துக்குமா?" என்றான். "என் கன்னடத்தக் கேட்டா எவனும் தமிழன்னு சொல்ல மாட்டான் போ. எங்க சூப்பர்வைசரே நம்பல."

அப்பாதுரையும் உடன் போனார். மார்க்கெட் தாண்டிப் புகை தெரிந்ததும் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். முனிராஜ் நிறுத்தவில்லை. "நீ திரும்பிப் போண்ணா. நான் ஒரு எட்டு போய்த் தொறந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் பெடலை மிதித்தானாம்.

போய்ச் சேர்ந்திருக்கிறான். அந்தத் தெருக்களில் அன்று தண்ணீர் வந்தது. மூடத்தான் ஆள் வரவில்லை. ராத்திரி வரை குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாக அங்கே குடியிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சைக்கிள் கிடைக்கவில்லை, சாவியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் சின்னத்தாயி பிணவறைகளுக்குப் போனாள். அப்போதே அவள் பத்து வருட ஆயா, பயம் கிடையாது. முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்று தெரியும், வீங்கிய முகம் யாருடையதாகவும் இருக்கும். கால்களைப் பார்த்தாள். முனிராஜின் வலது குதிகாலில் வால்வுக்குழி மூடி விழுந்த பழைய தழும்பு உண்டு. எந்தக் காலிலும் அது இல்லை.

லைனில் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. சில குடும்பங்கள் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேறி ஜோலார்பேட்டை, சேலம் என்று போய்விட்டன. பொங்கல் கழித்துப் பாதிப் பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் வரவே இல்லை. மிச்சமிருந்தவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எந்தப் பெயரும் பட்டியலிலிருந்து விழக் கூடாது. வாக்காளர் கணக்கெடுப்புக்கு யார் வந்து கேட்டாலும், போனவர்களை "வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். பெயர் குறைந்தால் தெருவே குறைந்துவிடும், பிறகு லைனையே இடித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. சின்னத்தாயியும் கணக்கெடுக்க வந்தவர்களிடம் முனிராஜ் வேலைக்குப் போயிருக்கிறான் என்றுதான் சொல்லிவந்தாள். அவளுக்கு அது பொய்யாகவும் படவில்லை. வேலைக்குத்தானே போனான்.

*

பூத்தில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் வீணாவிடம்கூட.

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை சின்னத்தாயி. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறாள். ஒருவரும் திரும்பி வந்து தொந்தரவு செய்ததில்லை. அவளை வாட்டியது வேறு. இவன் உயிரோடு இருக்கிறான். இந்த ஊரிலேயே இருக்கிறான். பூத் வரைக்கும் வந்து, பெயரைச் சொல்லி, விரலை நீட்டி மை வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் போயிருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து லைனுக்கு எவ்வளவு தூரம்? ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் வந்துவிடலாம்.

அந்த வருடம் முழுக்க காக்கிச் சட்டைகள் அவளை அலைக்கழித்தன. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள், டிரைவர்கள், ஆட்டோக்காரர்கள், எல்லாம் காக்கி. முதுகைக் காட்டி நிற்கிற ஒவ்வொருவரையும் சுற்றிப்போய் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஆட்டோக்காரர், "ஏன்ரி, பாக்கி கொடக்கிதியா?" என்று சிரித்தார். பாக்கி ஏதும் தர வேண்டியிருக்கிறதா? பாக்கிதான், வேறென்ன.

நோயாளியின் வாயில் கஞ்சியை ஊட்டும்போது, துணியை அலசும்போது, கைகள் பாட்டுக்கு வேலை செய்யும், மனசு திட்டிக்கொண்டிருக்கும். வேறு பெண்ணோடு இருக்கிறானா? தலையில் அடிபட்டு யாரென்று தெரியாமல் திரிகிறானா? தெரியாதவனுக்கு ஓட்டு எப்படித் தெரியும்? சைக்கிள் மணி கேட்டால் கை நின்றுவிடும். புது வீட்டில் அவள் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒரு நாள், "ஸ்பூனை வாய்க்கிட்ட வச்சுண்டு எங்கேம்மா போயிடறே?" என்று கேட்டேவிட்டார். பதினேழு வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்று உண்மையிலேயே வெட்கப்பட்டாள்.

*

வீணாவுக்குப் பதினெட்டு முடிந்தது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்கு வாரியத்தில் வேலை கேட்கலாம். ஆனால் முனிராஜ் இறந்தவன் இல்லை, காணாமல் போனவன். இறந்ததற்கு உத்தரவு கொண்டுவந்தால்தான் மனுவையே வாங்குவோம் என்றார்கள். வீணா டைப்பிங் படித்திருந்தாள், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள், இருமிக்கொண்டும் இருந்தாள். அந்த இருமல் சின்னத்தாயிக்குப் பிடிக்கவில்லை. பஞ்சுத் தூசியில் மூன்று வருடம் உட்கார்ந்த நுரையீரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் வக்கீல் ஸ்ரீவித்யாவின் ஆபீஸ். மல்லேஸ்வரத்துப் பெண், முப்பது வயசு இருக்கும். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். ஏழைகளின் வழக்குகளை இலவச சட்ட உதவியில் எடுத்து நடத்துவாள்.

"வாரியத்துல கேட்டா கோர்ட்டுக்குப் போன்றாங்க" என்றாள் சின்னத்தாயி. "கலவரத்துக்கு அப்புறம் கமிஷன் வச்சாங்களே, அந்த ஜட்ஜய்யாகிட்ட எல்லாத்தையும் அழுதுகிட்டே சொன்னேனே. அவரும் ஜட்ஜுதானே மேடம்?"

"ஜட்ஜுதான். ஆனா அது கோர்ட் இல்ல. என்ன நடந்துதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்கோன்னு கவர்மென்ட் கேட்டுது. அவர் சொல்வார். அதுக்கு மேல அவரால ஆர்டர் போட முடியாது. செய்றதும் செய்யாததும் கவர்மென்ட் இஷ்டம்."

"அப்ப அந்த கவர்மென்டே செத்துட்டாருன்னு எழுதிக் குடுக்கட்டும்."

"அவங்களுக்கு பாடி வேணும். பாடி இல்லாம ஒருத்தரை இறந்துட்டார்னு சொல்ல கோர்ட்டாலதான் முடியும். அதுவும் சும்மா சொல்லாது. ஏழு வருஷம் அவரைப் பத்தி ஒரு தகவலும் இல்லேன்னு, இருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்குமோ அவங்க வந்து சொல்லணும். நீங்க சொல்லணும். கடைசியாப் பார்த்த அப்பாதுரை சொல்லணும்."

"சொன்னா வீணாவுக்கு வேலை குடுத்துடுமா கோர்ட்டு?"

"வேலை கவர்மென்ட் சமாச்சாரம். கோர்ட் இறந்துட்டார்னு சொல்லும். அதை வச்சுண்டு அவங்ககிட்ட கேக்கணும்."

"ஒருத்தர் செத்தாருன்னு சொல்ல ஒரு ஆபீஸு, அவர் மகளுக்குச் சோறு போட இன்னொரு ஆபீஸா?"

ஸ்ரீவித்யா சிரித்துவிட்டாள். "ரெண்டும் ஒரே ஆள் கையில இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்கோ. யாரு உயிரோட இருக்கான்னும் அவனே சொல்லுவான்."

1999 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். காட்டிய இடத்தில் சின்னத்தாயி கையெழுத்துப் போட்டுவிட்டாள். கோடை விடுமுறை நெருங்க, சாட்சிக் கூண்டில் ஏறி என்ன சொல்ல வேண்டும் என்று ஸ்ரீவித்யா சொல்லிக்கொடுத்தபோதுதான் அவள் இடைமறித்துக் கேட்டாள்.

"ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லன்னு சத்தியம் பண்ணணுமா?"

"ஆமா."

"நான் பண்ண மாட்டேன் மேடம்."

ஸ்ரீவித்யா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். பூத், டீச்சரம்மா, ஈரமான சிவப்புக் கோடு, மாதா கோயில் திருப்பம் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன.

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"முதுகைத்தான்."

"போட்டது அவர்தான்னா கேஸ் இல்ல. அவர் இல்லேன்னா யாருன்னு தெரியணும். எதிர்த்தரப்பு கண்டுபிடிச்சுக் கேட்டா நாம என்ன சொல்றது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வாய்தா வரைக்கும் டைம் இருக்கு. விசாரிங்கோ."

வீட்டுக்கு வந்து வீணாவிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. வீணா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சத்தியம் பண்ணலன்னா எனக்கு வேலை இல்ல" என்றாள் கடைசியில். "பண்ணினா எனக்கு அப்பா இல்ல. எதையாச்சும் ஒண்ணப் பண்ணும்மா. நடுவுல நிக்க வைக்காத."

*

பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் லைனில் எல்லாச் செய்தியும் வரும். டெல்லியில் ஆட்சி ஒரு ஓட்டில் கவிழ்ந்து, மறுபடி தேர்தல் என்று பேப்பரில் வந்திருந்த சமயம். அடுத்த வீட்டுப் பவுலின், குடத்தைக் குழாயடியில் நகர்த்திவிட்டு, அந்தப் பக்கமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பாதுரையை மடக்கினாள்.

"அண்ணே, செப்டம்பர்ல எலக்‌ஷனாமே. இந்த வாட்டியாச்சும் உன் பேர்ல ஒரு ஓட்டுப் போடு. பாவம் உன் பேரு, தொண்ணுத்தொண்ணுல இருந்து பட்டினி கெடக்குது."

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாதுரை சிரிக்கவில்லை. அவர் சின்னத்தாயியைப் பார்த்தார். சின்னத்தாயி அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

குடம் நிரம்பி வழிந்தது. "ஏக்கா, தண்ணி போவுது!" என்றாள் பவுலின்.

கேட்டுத் தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பெண்களுக்குச் சொல்லாமல் லைன் ஆண்கள் மேற்கொண்டு எடுத்திருந்த முடிவு அது; பவுலின் மாதிரி ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் எப்படியோ கசிந்திருந்தது. மூன்று தேர்தலில் ஓட்டு விழாத பெயரை அடித்துவிடுவார்கள் என்று எவனோ சொல்லியிருந்தான். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரைக் கேட்பது என்ற பயத்தில் கேட்கவில்லை. ஒரு விரலுக்கு ஒரு மைதான். அதனால் இருக்கிறவன் தன் ஓட்டை விட்டுவிட்டு, இல்லாதவன் பெயரில் போட வேண்டும். இருக்கிறவன்தான் கண்ணுக்குத் தெரிகிறானே, அவனை யார் அடிப்பார்கள் என்பது கணக்கு. ஆளுக்கு ஒரு பெயரைப் பிரித்துக்கொண்டபோது, முனிராஜின் பெயரை அப்பாதுரை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சின்னத்தாயி அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது தாயி? அவன நடுரோட்ல விட்டுட்டு வந்தவன் நானு. ஓட்டையாச்சும் போடுவோம்னு..."

"காக்கிச் சட்டையோட போன."

"டூட்டி முடிச்சி நேரா போனேன். நீ சாயங்காலம்தான வருவ எப்பவும்?"

அவள் படியில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன். இம்மாந்தூரம் வந்தவரு வீட்டுக்கு வரலியேன்னு. சோத்துல கைய வச்சா திட்டு, படுத்தா திட்டு."

உள்ளே ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடியது. சின்னத்தாயி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து காக்கிச் சட்டைகள் வெறும் சட்டைகளாகிவிட்டன. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை. மாதா கோயில் திருப்பத்தில் நடக்கும்போது, ஏழரை வருடத்தில் முதல் தடவையாக, அந்த ரோடு காலியாக இருப்பது தெரிந்தது. அவளைப் பொறுத்தவரை முனிராஜ் செத்தது அந்த வாரம்தான்.

*

ஜூலையில் விசாரணை. சாட்சி சொல்லும்வரை மற்ற சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்பதால் அப்பாதுரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே பெரிது. சர்க்கார் சம்பளக்காரர், பென்ஷனுக்கு இன்னும் எட்டோ ஒன்பதோ வருடம். கள்ள ஓட்டுக்கு ஜெயில் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது மட்டும் நிஜம்தான். "கேட்டா நான் உன் பேரச் சொல்ல மாட்டேன் அண்ணே" என்று சின்னத்தாயி முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லை என்றாள்.

அரசு வக்கீல் எழுந்தார். இளைத்த மனிதர், கெட்டவர் இல்லை. கையில் போலீஸ் அனுப்பிய விசாரணை அறிக்கை. கன்னடத்தில் கேட்டார், "உங்கள் வீட்டு விலாசத்தில் முனிராஜ் என்று ஒரு வாக்காளர் இருக்கிறாரே?"

"இருக்காரு."

"போன வருடத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார்."

"போட்டது என் புருஷன் இல்லீங்க."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அப்படியானால் யார்?"

சின்னத்தாயி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்மா, ஒரு பக்கம் அவர் இறந்துவிட்டார் என்கிறீர்கள். இன்னொரு பக்கம் அவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். எதை நான் நம்புவது?"

"எம் புருஷனப் பத்திக் கேளுங்க சாமி, சொல்றேன். மத்தவங்களப் பத்தி நான் சொல்ல மாட்டேன்."

நீதிபதி ஏதோ எழுதினார். எழுதுகிற விதத்தைப் பார்த்தே ஸ்ரீவித்யாவின் முகம் சுருங்கியது. டவாலி வெளியே போய் அப்பாதுரையின் பெயரைக் கூவினான்.

உள்ளே என்ன நடந்தது என்று அப்பாதுரைக்குத் தெரியாது. சின்னத்தாயி இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றாள். அவர் கண்ணைப் பார்த்தால் சைகை செய்ததாகிவிடும் என்று தரையைப் பார்த்தாள். கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன சொன்னார், அதற்குப் பிறகு பார்த்தீர்களா என்று ஸ்ரீவித்யா கேட்டாள். அவர் சொன்னார். "ஒரு எட்டு போய்த் தொறந்துட்டு வந்துடறேன்னு சொன்னான்" என்கிறபோது நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.

அரசு வக்கீல் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். முனிராஜின் பெயரில் ஓட்டுப் போட்டது யார்?

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பாதுரை வீட்டுக்குப் போய்விடலாம். வழக்கு விழுந்துவிடும். முனிராஜ் பட்டியலில் உயிரோடு இருப்பான்; வீணா பட்டன் வைத்துக்கொண்டிருப்பாள். அப்பாதுரையின் கை சட்டைப் பையைத் தடவியது, அங்கே ஒன்றும் இல்லை.

ஸ்ரீவித்யா சட்டென்று எழுந்து ஆங்கிலத்தில் என்னமோ சொன்னாள். நீதிபதி தலையசைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் உங்களைக் கட்டாயப்படுத்துகிறேன். கட்டாயப்படுத்தி வாங்கிய பதிலை வைத்து யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. சட்டம் அப்படி. பொய் சொன்னால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது."

"வேலை போகுமா சாமி?"

"அது உங்கள் வாரியத்தின் கையில். நான் இங்கே உட்கார்ந்து அதற்கு உத்தரவாதம் தர முடியாது."

அப்பாதுரை தண்ணீர் டம்ளரைக் கட்டையின் மேல் வைத்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார். "தொண்ணுத்தி நாலு, தொண்ணுத்தி ஆறு, தொண்ணுத்தி எட்டு. மூணு வாட்டியும் நான்தான்."

"ஏன்?" என்று கேட்டது அரசு வக்கீல் இல்லை, நீதிபதி.

"போடலன்னா அவன் இல்லன்னு ஆயிடும் சாமி."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்டில் தீர்ப்பு. முனிராஜ் இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று நீதிபதி வாசித்தார். என்றைக்கு இறந்தான் என்று இந்த நீதிமன்றத்தால் சொல்ல முடியாது என்றும் வாசித்தார். கள்ள ஓட்டு தன் முன்னால் இருக்கிற வழக்கு இல்லை, அதைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றார். பிறகு காகிதத்தை வைத்துவிட்டு, "பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வேலையைத் தேர்தல் அதிகாரிதான் செய்ய வேண்டும், நான் இல்லை" என்று ஸ்ரீவித்யாவிடம் சொன்னார். வீணா வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். சின்னத்தாயி அவள் முதுகில் கை வைத்தபடி, இருமல் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சின்னத்தாயியும் அப்பாதுரையும் வார்டு ஆபீசுக்குப் போனார்கள். தேர்தல் வேலைக்காக ஒரு மேஜை போட்டு வைத்திருந்தார்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு குமாஸ்தா. சின்னத்தாயி விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, பட்டியலைப் பிரித்து, பெயரின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"பேறே யாராதரு இத்தாரா?" என்றார், நிமிராமலே. வேறு யாராவது இருக்கிறார்களா, எடுக்க வேண்டியவர்கள்?

சின்னத்தாயி அப்பாதுரையைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியது இல்லை.

அப்பாதுரை வாசல் பக்கம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருக்காங்க" என்றார். "மொதல் வீட்ல இருந்து வரேன், எழுதிக்கோங்க. தங்கவேலு. அவரு சம்சாரம் அஞ்சலை. ரெண்டாவது வீடு நாணு, அவங்க அம்மா..."

குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றிவிட்டு, பட்டியலை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.